குறைந்த வருமானக் குடும்பங்களுக்காகச் சட்டமன்றப் படி ஏறுபவர்கள்: அமெரிக்க மாநிலங்களில் தொண்டு அமைப்புகளின் கொள்கை வேலை

அமெரிக்காவில் ஒரு தொண்டு அமைப்பு மாநிலச் சட்டமன்றத்துக்குப் போய், வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக ஒரு சட்டம் கேட்டால் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "நன்கொடை வாங்கிச் சாப்பாடு போட வேண்டியவர்கள் எதற்கு அரசியல் செய்கிறார்கள்? சட்டம் இதை அனுமதிக்கிறதா?" என்பது ஒன்று. "உதவித் திட்டம் எல்லாம் வாஷிங்டனில் முடிவாகிற விஷயம், மாநிலத்தில் போய்க் கேட்டு என்ன ஆகப்போகிறது?" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறான புரிதல். அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் இருக்கிறது. சட்டம் நிறைவேறிவிட்டால் வேலை முடிந்தது என்று அந்த அமைப்பை ஆதரிப்பவர்களும் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் பாதி வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

## குடம் தூக்குவதும் கூட்டத்தில் பேசுவதும்

ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல் மாடி வீடுகளுக்குக் காலையில் தண்ணீர் ஏறுவதில்லை. கீழ் வீட்டு இளைஞர்கள் சிலர் தினமும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நாளைக்கும் கொண்டுபோக வேண்டும், மறுநாளும் கொண்டுபோக வேண்டும்.

அவர்களில் ஒருவர் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போகிறார். "மோட்டாரை ஏழு மணிக்குப் போடுகிறீர்கள், அதற்குள் கீழ் வீடுகள் எல்லாம் குழாயைத் திறந்துவிடுகின்றன. ஐந்து மணிக்குப் போட்டால் மேலே ஏறும். மின்கட்டணம் மாதத்துக்கு இவ்வளவு கூடும், பராமரிப்பு நிதியில் அதற்கு இடம் இருக்கிறது" என்று கணக்கோடு சொல்கிறார். இதைத்தான் அட்வகசி என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் பரிந்து பேசுதல் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கப்பட்டவர்களின் பிரச்சினையை, முடிவெடுக்கும் இடத்தில், தீர்வோடு சேர்த்து எடுத்து வைப்பதுதான் அது.

அவர் சங்கச் செயலாளர் தேர்தலில் "இவருக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று வீடு வீடாகப் போகக் கூடாது என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் பற்றிப் பேசலாம், ஆளைப் பற்றிப் பேசக் கூடாது. கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியும், மோட்டார் போடுகிறவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை என்றால் தண்ணீர் ஏறாது. அமெரிக்க மாநிலங்களில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆட்களும் தொகையும்தான் பெரிது.

## ஏன் மாநிலத்தைப் பிடிக்க வேண்டும்?

உதவித் திட்டங்களின் பெயரும் பெரும்பகுதிப் பணமும் மத்திய அரசிடமிருந்து வருகின்றன என்பது உண்மை. ஆனால் யாருக்கு, எவ்வளவு, என்ன நிபந்தனையோடு என்பதில் பெரும் பங்கை மாநிலம்தான் முடிவு செய்கிறது.

ரொக்க உதவியைப் பாருங்கள். 1996 ஆகஸ்டில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம், பழைய குடும்ப உதவித் திட்டத்தை எடுத்துவிட்டு டேனஃப் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி மத்திய அரசு ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலரை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இப்படி மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, செலவழிக்கும் முறையைப் பெரும்பாலும் மாநிலத்திடமே விட்டுவிடுவதற்குத் தொகுப்பு மானியம் என்று பெயர். 1996இல் வைத்த அந்தத் தொகை விலைவாசிக்கு ஏற்ப உயரவே இல்லை. பணவீக்கத்தில் அதன் மதிப்பு ஏறக்குறைய பாதியாகக் கரைந்துவிட்டது.

இருக்கும் பணத்தையும் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. மிசிசிப்பியில் மூன்று பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு மாதம் அதிகபட்சம் 170 டாலர்தான் என்று பல ஆண்டுகள் இருந்தது. 2021இல்தான் அது 260 ஆனது. நியூ ஹாம்ப்ஷையரோ உதவித் தொகையை வறுமைக்கோட்டின் 60 சதவீதத்தோடு கட்டிவைத்திருக்கிறது. கோடு உயர்ந்தால் தொகையும் உயரும். இரண்டுமே ஒரே மத்தியச் சட்டத்தின் கீழ் நடப்பவை.

மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். ஒபாமா காலத்து 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை, வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள பெரியவர்களுக்கும் விரிவாக்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம், இதை ஏற்கச் சொல்லி மாநிலங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து அது ஐம்பது தனித்தனிப் போராட்டங்களாகிவிட்டது. 40 மாநிலங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற பெரிய மாநிலங்கள் இன்னும் ஏற்கவில்லை. குழந்தை இல்லாத, மாற்றுத்திறனாளி அல்லாத ஒருவர் டெக்சாஸில் எவ்வளவு ஏழையாக இருந்தாலும், அந்த ஒரே காரணத்தால் மெடிக்கெய்டு கிடைக்காது.

குறைந்தபட்ச ஊதியத்தைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. மத்திய அளவு மணிக்கு 7.25 டாலர் என்று 2009 ஜூலையில் நின்றது, இன்றும் அங்கேயே நிற்கிறது. அதைவிடக் கூடுதலாக எங்கெல்லாம் கிடைக்கிறதோ, அங்கெல்லாம் மாநிலமோ நகரமோ போட்ட சட்டம்தான் காரணம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான மத்தியச் சட்டம், உணவு உதவித் திட்டமான ஸ்நாப்பின் நிர்வாகச் செலவில் மாநிலங்களின் பங்கை உயர்த்தியிருக்கிறது. தவறுதலாக வழங்கும் விகிதம் அதிகமாக உள்ள மாநிலங்கள் உதவித் தொகையிலேயே ஒரு பங்கைச் சுமக்க வேண்டிவரும் என்றும் சொல்கிறது. ஆக, மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருக்கும் முடிவுகள் இனிக் கூடுமே தவிரக் குறையாது.

சுருக்கமாக: பணம் பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. அது ஒரு குடும்பத்தின் வாசலுக்கு வருமா, எவ்வளவு வரும் என்பதை மாநிலம் தீர்மானிக்கிறது. அதனால்தான் அமைப்புகள் அங்கே போய் நிற்கின்றன.

## தொண்டு அமைப்பு இப்படிப் பேசலாமா?

பேசலாம், ஆனால் எல்லைகள் உண்டு. இந்த இடத்தில்தான் குழப்பம் அதிகம். அமைப்புகளில் வேலை செய்பவர்களே பயந்துகொண்டு வாயை மூடிக்கொள்வதும் நடக்கிறது.

அமெரிக்காவில் நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் தொண்டு அமைப்புகள் வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின் கீழ் வருகின்றன. இவற்றுக்கு ஒரு முழுத் தடை இருக்கிறது. 1954 முதல், எந்த வேட்பாளருக்கு ஆதரவாகவும் எதிராகவும் தேர்தல் வேலை செய்யக் கூடாது. நம் குடியிருப்பில் செயலாளர் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கக் கூடாது என்றோமே, அதேதான்.

லாபியிங் என்பது வேறு. ஒரு குறிப்பிட்ட மசோதாவை ஆதரிக்கும்படியோ எதிர்க்கும்படியோ சட்டமன்ற உறுப்பினரிடம் சொல்வது நேரடி லாபியிங். "உங்கள் தொகுதி உறுப்பினரைக் கூப்பிட்டு இதற்கு ஆதரவு கேளுங்கள்" என்று பொதுமக்களைத் தூண்டுவது மக்கள் வழி லாபியிங். இரண்டுமே தொண்டு அமைப்புக்கு அனுமதிக்கப்பட்டவை. அளவு மட்டும் மிஞ்சக் கூடாது.

எவ்வளவு என்பதைப் பழைய சட்டம் மங்கலாகவே சொன்னது. 1976இல் வந்த திருத்தம், விரும்பும் அமைப்புகள் ஒரு படிவம் கொடுத்துத் தெளிவான கணக்குக்கு மாறிக்கொள்ள வழி செய்தது. அதன்படி அமைப்பின் செலவில் முதல் 5 லட்சம் டாலருக்கு 20 சதவீதம், அடுத்த 5 லட்சத்துக்கு 15 சதவீதம் என்று படிப்படியாக இறங்கி, உச்ச வரம்பு 10 லட்சம் டாலரில் நிற்கும். ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் செலவழிக்கும் ஓர் அமைப்பு 1,75,000 டாலர் வரை லாபியிங்குக்குச் செலவிடலாம். அதில் கால்வாசி, அதாவது 43,750 டாலர் வரை, மக்கள் வழி லாபியிங்குக்குப் போகலாம். சிறிய அமைப்பு ஒன்றுக்கு இது தாராளமான தொகை. ஒரு பக்கப் படிவத்தைக் கொடுக்கச் சோம்பல்பட்டு, அனுமதி இருக்கும் இடத்திலும் பேசாமல் இருக்கும் அமைப்புகளை நினைத்தால் எனக்குச் சலிப்புத்தான் வருகிறது.

ஒரு பிரச்சினையைப் பற்றிய நடுநிலையான ஆய்வறிக்கை, மசோதா எதையும் குறிப்பிடாமல் வறுமையைப் பற்றிப் பேசுவது, சட்டமன்றக் குழு எழுத்து மூலம் கேட்டால் போய்ச் சாட்சியம் சொல்வது ஆகியவை லாபியிங் கணக்கிலேயே வராது. மத்திய அரசு மானியப் பணத்தை லாபியிங்குக்குத் தொடவே கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி.

ஆக, ஆளுக்காக ஓட்டுக் கேட்பது முழுத் தடை, மசோதாவுக்காகப் பேசுவது அளவோடு அனுமதி, விஷயத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தடையே இல்லை.

## யார் அந்தக் குடும்பம்?

அமெரிக்காவில் வறுமைக்கோடு 1960களின் தொடக்கத்தில் சமூகப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த மோலி ஒர்ஷான்ஸ்கி என்ற பொருளியலாளர் போட்ட கணக்கிலிருந்து வந்தது. மிகச் சிக்கனமான உணவுச் செலவை எடுத்து மூன்றால் பெருக்கினார். அந்தக் காலத்துக் குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்ததுதான் காரணம். இன்று வாடகையும் குழந்தைப் பராமரிப்பும் செலவை விழுங்குகின்றன. கணக்கின் அடிப்படை மட்டும் மாறவில்லை, விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே வருகிறார்கள். 2025இல் நான்கு பேர் குடும்பத்துக்கு அது 32,150 டாலர்.

இதனால்தான் பல திட்டங்கள் கோட்டின் 130 சதவீதம், 200 சதவீதம் என்று வரம்பு வைக்கின்றன. ஒரு மாநிலம் அந்தச் சதவீதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உள்ளே வரும், அல்லது வெளியே போகும். பரிந்து பேசுபவர்களின் கோரிக்கைகளில் பாதி இந்தச் சதவீதச் சண்டைதான். வெளியாருக்கு அலுப்பாகத் தெரியும், ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

இதோடு ஒட்டி வரும் ஒரு சொல் உதவிச் சரிவு. ஒரு தாய்க்கு மணிக்கு ஒரு டாலர் சம்பள உயர்வு கிடைக்கிறது. ஆண்டுக்கு இரண்டாயிரம் டாலர் கூடுகிறது. அதனால் வருமான வரம்பை ஒரு மயிரிழை தாண்டி, எட்டாயிரம் டாலர் மதிப்புள்ள குழந்தைப் பராமரிப்பு உதவியை இழக்கிறார் என்று வையுங்கள். எண்கள் நான் புரிவதற்காகப் போட்டவை, நிலைமை கற்பனை அல்ல. சம்பளம் ஏறியதால் அவர் ஆறாயிரம் டாலர் ஏழையாகிவிட்டார். "உழைக்க மனமில்லாதவர்கள்" என்று இவரைப் போன்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது, சம்பள உயர்வை வேண்டாம் என்று சொல்ல வைப்பது அந்த விதியே என்பதை மறந்துவிடுகிறோம். எல்லாத் திட்டமும் இப்படி வெட்டிவிடுவதில்லை. ஸ்நாப்பில் கணக்கில் எடுக்கப்படும் வருமானம் ஒரு டாலர் கூடினால் உதவி 30 காசுதான் குறையும். இப்படிச் சாய்வாக இறக்குங்கள், படாரென்று வெட்டாதீர்கள் என்பதே மாநிலங்களிடம் அமைப்புகள் வைக்கும் கோரிக்கை.

## கோரிக்கை எப்படிச் சட்டமாகிறது?

முதலில் ஆள் தேவை. மசோதாவைத் தன் பெயரில் கொண்டுவர ஓர் உறுப்பினர் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு அது குழுவுக்குப் போகும். அங்கே பொது விசாரணை நடக்கும். பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் வந்து சில நிமிடம் பேசலாம். வழியில் சாகும் மசோதாக்களில் பெரும்பாலானவை யாரும் எதிர்த்து ஓட்டுப் போட்டதால் சாவதில்லை. குழுத் தலைவர் விசாரணைக்கே எடுக்காததால் சத்தமில்லாமல் சாகின்றன.

அடுத்த கண்டம் செலவுக் குறிப்பு. மசோதாவால் மாநிலத்துக்கு எவ்வளவு செலவாகும், எவ்வளவு வருமானம் போகும் என்று அரசு அலுவலகம் ஒன்று போட்டுத் தரும் மதிப்பீடு அது. வெர்மான்ட் தவிர மற்ற மாநிலங்கள் அனைத்திலும் வரவு செலவு சரிக்கட்டியாக வேண்டும் என்று ஏதாவது ஒரு விதி இருக்கிறது. மத்திய அரசைப் போலக் கடன் வாங்கி அன்றாடச் செலவு செய்ய முடியாது. எனவே செலவுக் குறிப்பில் பெரிய எண் வந்தால் நல்ல மசோதாவும் மூலையில் உட்கார்ந்துவிடும். சாட்சியம் சொல்ல வருகிறவர் கண்ணீரோடு பேசலாம், அது மனத்தை அசைக்கும். ஆனால் அடுத்த அறையில் பட்ஜெட் ஆட்கள் பார்ப்பது அந்த எண்ணைத்தான். கணக்குப் போடத் தெரிந்த ஆட்களை அமைப்புகள் வேலைக்கு வைப்பது இதற்காகவே. 1981இல் ராபர்ட் கிரீன்ஸ்டீன் தொடங்கிய பட்ஜெட் மற்றும் கொள்கை முன்னுரிமை மையம் இந்த வேலைக்குப் பேர்போனது. அதோடு இணைந்து 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் தனித்தனி ஆய்வு அமைப்புகள் இயங்குகின்றன.

காலமும் ஒரு தடை. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டாண்டுக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள்தான். அதைத் தவறவிட்டால் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷையரில் உறுப்பினருக்குச் சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர், கீழவையில் மட்டும் 400 பேர். பெரும்பாலோருக்குத் தனி உதவியாளரும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில், பிரச்சினையை இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதிக் கொடுக்கும் அமைப்புக்கு உள்ள மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு அவையிலும் நிறைவேறி ஆளுநர் கையெழுத்துப் போட்டால் சட்டம். இங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுத்தவர், நம் முதலமைச்சர் மாதிரி. நெப்ராஸ்காவில் மட்டும் ஒரே அவை, 49 பேர்.

சட்டமன்றமே வேண்டாம் என்று சுற்றி வரும் வழியும் சில மாநிலங்களில் உண்டு. போதிய கையெழுத்துத் திரட்டினால் கேள்வியை நேரடியாக வாக்காளர்களிடம் வைக்கலாம். இதற்கு ஆதரவு கேட்பதும் வரிச் சட்டப்படி நேரடி லாபியிங்தான், வாக்காளரே அங்கே சட்டமியற்றுபவர் ஆகிவிடுவதால். மெயின், யூட்டா, ஐடஹோ, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா, மிசூரி, தெற்கு டகோட்டா ஆகிய மாநிலங்களில் மெடிக்கெய்டு விரிவாக்கம் இப்படித்தான் வந்தது. இவற்றில் பல, விரிவாக்கத்தைப் பெரும்பாலும் எதிர்த்த குடியரசுக் கட்சி வலுவாக உள்ளவை. கட்சிச் சண்டையாகப் பார்த்தால் தோற்றிருக்கும், தனிக் கேள்வியாகப் போனதால் ஜெயித்தது.

## டாக்ஸ் கிரெடிட்: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவ மாநிலங்கள் அதிகம் கையாளும் கருவி டாக்ஸ் கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை. "அவர்களே வரி கட்டுவதில்லை, அப்புறம் வரிச் சலுகை எதற்கு?" என்று கேட்பவர்கள் ஏராளம். கேள்வியில் இரண்டு கோளாறு.

ஒன்று, அவர்கள் வரி கட்டுகிறார்கள். பொருள் வாங்கும்போதெல்லாம் விற்பனை வரி. சம்பாதிப்பதில் பெரும்பகுதியைச் செலவழித்தே ஆக வேண்டிய குடும்பத்தின் வருமானத்தில், அந்த வரி பணக்காரரிடம் பிடிப்பதைவிடப் பெரிய பங்கைப் பிடிக்கிறது.

இரண்டு, கிரெடிட்டில் இரண்டு வகை. நீங்கள் 400 டாலர் வருமான வரி கட்ட வேண்டும், 1,000 டாலர் கிரெடிட் இருக்கிறது என்று வையுங்கள். சாதாரண கிரெடிட் என்றால் வரி பூஜ்யமாகும், மிச்சம் 600 வீணாகும். திரும்பக் கிடைக்கும் கிரெடிட் என்றால் அந்த 600 டாலர் கையில் வரும். ஏழைக் குடும்பத்துக்கு இரண்டாவதுதான் பயன்படும். முதல் வகைச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டு "ஏழைகளுக்கு உதவினோம்" என்று மார்தட்டும் உறுப்பினர்கள் எல்லா மாநிலத்திலும் இருக்கிறார்கள்.

1975 முதல் மத்திய அரசு, உழைத்து ஈட்டும் குறைந்த வருமானத்துக்கு இப்படித் திரும்பக் கிடைக்கும் கிரெடிட் ஒன்றைத் தருகிறது. இஐடிசி என்று அதைச் சொல்வார்கள். 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதன் மேல் தங்கள் பங்கையும் சேர்த்திருக்கின்றன, சிலவற்றில் திரும்பக் கிடைக்காத வடிவில்.

குழந்தைகளுக்கான கிரெடிட்டின் பலத்தை 2021இல் நாடே பார்த்தது. அந்த ஒரு வருடம் மத்திய அரசு ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 3,600 டாலர், அதற்கு மேல் 17 வயது வரை 3,000 டாலர் என்று உயர்த்தி, வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் முழுத் தொகையும் கிடைக்கும்படி செய்தது. ஜூலை முதல் டிசம்பர் வரை பாதித் தொகை மாதாமாதம் வங்கிக் கணக்கில் வந்தது. உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் துணை அளவுகோலின்படி, குழந்தை வறுமை 2021இல் 5.2 சதவீதமாக இறங்கியது. திட்டம் முடிந்த 2022இல் 12.4க்கு ஏறியது. மற்ற கொரோனா கால உதவிகளும் நின்றது இதில் ஒரு பங்கு, ஆனால் கிரெடிட்டின் பங்கு பெரிது. மத்திய அரசு கைவிட்டதை மாநிலத்திலாவது பிடிப்போம் என்று அமைப்புகள் திரும்பின. 2023இல் மினசோட்டா ஒரு குழந்தைக்கு 1,750 டாலர் வரை திரும்பக் கிடைக்கும் கிரெடிட்டைக் கொண்டுவந்தது.

## வாஷிங்டன் மாநிலத்தின் 15 ஆண்டுகள்

சட்டம் நிறைவேறுவது பாதி வேலை என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு வாஷிங்டன் மாநிலத்தை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. தலைநகர் வாஷிங்டன் அல்ல, மேற்குக் கடற்கரை மாநிலம்.

அந்த 15 ஆண்டுகளில் அங்கே தனிநபர் வருமான வரி இருந்ததில்லை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அரசு விற்பனை வரியையே பெரிதும் நம்பியிருப்பதால் சுமை கீழ்த்தட்டில்தான் இறங்குகிறது. விற்பனை வரியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்போம் என்று 2008இல் உழைக்கும் குடும்பங்களுக்கான டாக்ஸ் கிரெடிட் சட்டம் நிறைவேறியது. அதே சமயம் பொருளாதாரம் சரிந்தது. சட்டப் புத்தகத்தில் திட்டம் இருந்தது, பட்ஜெட்டில் பணம் இல்லை. ஒரு குடும்பத்துக்கும் ஒரு டாலர்கூடப் போகவில்லை.

ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுப்பது ஒன்று, அதற்குப் பணம் ஒதுக்குவது வேறொன்று. இந்த இரண்டும் தனித்தனி முடிவுகள் என்பதைப் புதிதாக வருபவர்கள் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. வாஷிங்டன் மாநில பட்ஜெட் மற்றும் கொள்கை மையம் உள்ளிட்ட பல அமைப்புகள் கூட்டணி சேர்ந்து வருஷக்கணக்காக இதையே திரும்பத் திரும்பக் கேட்டன. 2021இல்தான் சட்டமன்றம் திட்டத்தைத் திருத்திப் பணமும் ஒதுக்கியது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் வரி அடையாள எண் மட்டும் வைத்துள்ள குடியேறிகளும் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு, பெரிய முதலீட்டு லாபத்துக்கு 7 சதவீத வரியும் வந்தது. அதை மாநில உச்ச நீதிமன்றம் 2023இல் செல்லும் என்றது. 2024இல் அதை நீக்கக் கோரிய வாக்கெடுப்பை மக்கள் நிராகரித்தார்கள்.

விண்ணப்பம் திறந்தது 2023 பிப்ரவரி 1. குழந்தை இல்லாதவருக்கு 300 டாலர் வரை, மூன்றோ அதற்கு மேலோ குழந்தைகள் இருந்தால் 1,200 வரை. இங்கே இன்னொரு சிக்கல். மாநில வருமான வரி இல்லாததால் மாநிலத்துக்கு வரிப் படிவம் கொடுக்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. எனவே சட்டம் கேட்ட அதே அமைப்புகள் அடுத்து வரிப் படிவம் நிரப்பித் தரும் முகாம்களிலும், பல மொழித் துண்டறிக்கைகளிலும் இறங்க வேண்டியதாயிற்று.

## சட்டம் வந்த பிறகும்

மெயினில் 2017இல் மக்களே மெடிக்கெய்டு விரிவாக்கத்துக்கு வாக்களித்தார்கள். அன்றைய ஆளுநர் நடைமுறைப்படுத்த மறுத்தார். வழக்கு, இழுபறி எல்லாம் கடந்து 2019 ஜனவரியில் புதிய ஆளுநர் பதவியேற்ற பிறகுதான் அது நடந்தது. மிசூரியில் 2020 ஆகஸ்டில் வாக்கு, அடுத்த ஆண்டு சட்டமன்றம் பணம் தர மறுப்பு, 2021 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மக்கள் தீர்ப்புக்கே இந்தக் கதி என்றால் சாதாரண மசோதாவைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

மிசிசிப்பி இன்னொரு வகைப் பாடம். ஏழைக் குடும்பங்களுக்கான டேனஃப் பணத்தில் குறைந்தது 7.7 கோடி டாலர் முறைகேடாகச் செலவானது தணிக்கைகளில் தெரியவந்தது. பல்கலைக்கழகக் கைப்பந்து அரங்கம் ஒன்றுக்கும் அதில் பணம் போயிருக்கிறது. 170 டாலர் உதவித் தொகை பற்றி மேலே சொன்னேனே, அதே மாநிலம், அதே காலகட்டம். தொகுப்பு மானியத்தின் தளர்ந்த விதிகளில் கண்காணிப்பும் தளர்ந்தால் இப்படித்தான் ஆகும்.

நெப்ராஸ்காவில் கதை வேறு மாதிரி முடிந்தது. பள்ளி விடுமுறையில் குழந்தைக்கு 120 டாலர் உணவு உதவி தரும் மத்தியத் திட்டத்தில் சேர மாட்டோம் என்று 2023 டிசம்பரில் ஆளுநர் அறிவித்தார். நிர்வாகச் செலவில் பாதி மட்டுமே மாநிலத்தின் பங்கு. அமைப்புகளும் இளைஞர்களும் விடாமல் பேசினார்கள், 2024 பிப்ரவரியில் அவர் முடிவை மாற்றிக்கொண்டார். புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அதிகாரம் எந்த மேஜையில் இருக்கிறது என்று தெரிந்து அங்கே போய் நின்றதுதான் வேலை.

சுருக்கமாக: அனுமதி, பணம், விதிமுறை, விண்ணப்பம், கண்காணிப்பு. இவற்றில் ஏதாவது ஒன்று அறுந்தாலும் குடும்பத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

## எதிர்ப்பில் உள்ள நியாயம்

எதிர்ப்பவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் அல்ல. நல்ல காலத்தில் தொடங்கும் திட்டத்துக்கு மந்தநிலையில் யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி, சரிக்கட்டியே ஆக வேண்டிய பட்ஜெட்டில் நிஜமான கேள்வி. வாஷிங்டனின் 2008 அதற்குச் சாட்சி. வேலை செய்யும் ஊக்கம் குறையுமா என்ற கேள்விக்கும் திட்டத்துக்குத் திட்டம் விடை மாறும். இஐடிசி வேலை செய்தால்தான் கிடைக்கும், உதவிச் சரிவோ வேலையைத் தண்டிக்கும். இரண்டையும் "இலவசம்" என்ற ஒரே மூட்டையில் கட்டுவது சோம்பேறித்தனம்.

இன்னொரு விமர்சனம் அமைப்புகளைப் பற்றியது. ஏழைகளின் பெயரால் பேசுபவர்களில் எத்தனை பேர் அந்த நிலைமையில் வாழ்ந்தவர்கள்? இந்தக் கேள்வி சுடும். 1966இல் தொடங்கிய தேசிய நலவுரிமை அமைப்பில் உதவி பெறும் தாய்மார்களே முன்னால் நின்றார்கள். இன்றைய ஆய்வு மையங்களில் அது அரிது. அண்மைக் காலத்தில் பல அமைப்புகள், உதவி பெற்ற அனுபவம் உள்ளவர்களைச் சம்பளம் கொடுத்து ஆலோசகர்களாக வைத்துக்கொள்ளத் தொடங்கியிருப்பது நல்ல மாற்றம்.

## ஓர் அமைப்பை எடைபோட

நன்கொடை கேட்டு ஓர் அமைப்பு வந்தால், "எத்தனை சட்டம் வாங்கிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்பதைவிட, மூன்றாண்டுக்கு முன் வாங்கிய சட்டத்தால் இன்று எத்தனை குடும்பத்துக்குப் பணம் போகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் புரிந்துகொள்ளலாம். ஓரளவு பெரிய தொண்டு அமைப்புகள் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் 990 என்ற அறிக்கை பொது ஆவணம், யாரும் பார்க்கலாம். அதன் சி இணைப்பில் லாபியிங் செலவு எவ்வளவு என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். கொள்கையை மாற்றுவோம் என்று சொல்லும் ஓர் அமைப்பு அந்த இடத்தில் வருடா வருடம் பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தால், ஏன் என்று தாராளமாகக் கேட்கலாம்.